குடியிருப்போரைக் கேளாமல் குடியிருப்பா?

ஒருவனுக்குச் சட்டை தைக்கின்ற தையற்காரன்கூட, அவன் தோளையும் கையையும் அளந்த பின்னரே துணியில் கத்தரியை வைக்கின்றான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழவேண்டிய வீடுகளைக் கட்டுகின்ற அரசோ, அக்குடும்பங்களை ஒருசொல்லும் கேளாமலே சுவரை எழுப்பிக் கதவை மாட்டி, எண்ணையும் எழுதித் திறவுகோலைக் கையில் திணித்துவிடுகின்றது. திருவொற்றியூரின் அடுக்ககமாயினும், சேர்வராயன் மலையில் வெள்ளக்கடையின் சிற்றூர் வீடாயினும், பெரும்பாலும் நடப்பது இதுவே. வரைவது ஒருவர், கட்டுவது மற்றொருவர், வாழ்பவரோ மூன்றாமவர். அம்மூன்றாமவர்க்கு வாயில்லை என்பதே இந்நாட்டின் குடியிருப்புக் கொள்கையாக இருந்துவருகின்றது.

2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், சென்னைத் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளோடு, பட்டப்பகலில் மண்மேடாகச் சரிந்தது. ஒருயிரும் போகவில்லை. ஏன்? பொறிஞர் எவரும் முன்னறிந்து காத்தமையாலா? இல்லை. சுவரின் விரிசல் விரிவதைக் கண்ட குடியிருப்போரே ஒருவரையொருவர் அழைத்து வெளியேறினர், அதனால் பிழைத்தனர். உடைமைகள் புதைந்தன, உயிர்கள் எஞ்சின. அதே ஆண்டில் புளியந்தோப்புக் கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய அடுக்ககத்தின் பூச்சு, கைபட்டால் உதிர்வதை உலகுக்குக் காட்டியவர்களும் அங்குக் குடிபுகுந்தவர்களே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து வல்லுநர்கள் ஆய்வுக்கு வந்தது அதற்குப் பின்னர்தான்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துவது என்ன? கட்டடத்தின் நோயை முதலில் அறிபவர் அதனுள் வாழ்பவரே. எக்குழாய் கசிகின்றது, எச்சுவர் மழையில் ஊறுகின்றது, எப்படிக்கட்டில் முதியோர் இடறுகின்றனர், எம்மூலையில் இரவில் பெண்கள் நடக்க அஞ்சுகின்றனர் என்பனவெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை. அவை குடியிருப்போரின் பட்டறிவில் உள்ளன. அப்பட்டறிவை இடிந்து விழும் நாளில் மட்டும் பயன்கொண்டு, எடுத்துக் கட்டும் நாளில் ஒதுக்கித் தள்ளுவது அறிவுடைமையா? நயன்மையா?

குடிசை மாற்று வாரியத்தின் பணியை நாம் சிறுமைப்படுத்தவில்லை. 1970இல் அது தோன்றியபோது, ஆண்டுதோறும் தீக்கும் வெள்ளத்துக்கும் இரையான ஓலைக்குடிசைகளின் இடத்தில் காரைக் கூரையை எழுப்ப முனைந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அம்முயற்சிக்கு வலுவூட்டியது. இருந்த இடத்திலேயே வீடு என்பது அத்தொடக்கக் காலத்தின் பெருமை. பின்னர் அந்நெறி தேய்ந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து, ஆற்றோரத்தும் சாலையோரத்தும் வாழ்ந்த உழைப்பாளிகள் நகரின் விளிம்புக்கு, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என, அள்ளிச் செல்லப்பட்டனர். வேலை ஓரிடம், வீடு வேறிடம், பிள்ளையின் பள்ளி இடைவழியில் விடுபட்டது. அரசனையே அவைநடுவில் வினவிய கண்ணகியின் பெயரை ஊருக்குச் சூட்டினர். அவ்வூர் மக்கள் ஒரு வினா எழுப்புதற்கும் இடம் வைத்தாரில்லை.

2021இல் அவ்வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறியது, சொற்களுள் உறைந்த மனப்பான்மை மாறியதா? பழைய அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் காலத்தில், வெளியே குடிக்கூலிக்கு இருப்போர்க்கு அளிக்கும் பணத்துக்கு அரசு இட்ட பெயர் ‘கருணைத் தொகை’! 8,000 உருபாவாக இருந்த அது 24,000 உருபாவாக உயர்த்தப்பட்டது, நன்று. ஆயின், தன் வீட்டை விட்டு வெளியேறுபவனுக்குக் கொடுப்பது கருணையா, கடனா? ‘கருணை’ எனும் வடசொல்லை நீக்கி ‘அருள்’ என்று எழுதிவிட்டாலும் இக்குறை தீராது என்பதைத் தனித்தமிழ் அன்பர்கள் நன்கு உணரவேண்டும். சொல்லைத் தூய்மையாக்குவதோடு சொல்லின் பின்னுள்ள எண்ணத்தையும் தூய்மையாக்க வேண்டும். அது ‘இடப்பெயர்வு ஈட்டுத்தொகை’, குடியிருப்போரின் உரிமை. அவ்வாறே, ‘பயனாளி’ என்னும் சொல்லும் கைந்நீட்டிப் பெறுபவனையே குறிக்கின்றது, வினவுபவனைக் குறிக்கவில்லை. பெறுபவன் பேசலாகாது என்பது அச்சொல்லின் உட்பொருள்.

‘வாரியம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இன்று அது கோட்டையிலிருந்து ஆணை பிறப்பிக்கும் அலுவலகம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் அது ஊரார் தம்முள் தேர்ந்தமைத்த குழு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்தும் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடத்துள் புக முடியாது.

அம்முறையை நாம் கண்மூடிப் போற்றவில்லை. அது பார்ப்பனர் ஊர். கால் வேலிக்கு மேல் வரிநிலமும் சொந்த மனையில் வீடும் உடையவர்க்கே அங்கு ஓலை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் இடமில்லை. நாம் கேட்பது அக்குடத்தின் வாயை அகலமாக்குக என்பதே. ஏரியைப் பயன்கொள்வோர் ஏரி வாரியத்தை அமைக்கலாமெனின், வீட்டில் வாழ்வோர் வீட்டு வாரியத்தில் ஏன் அமரலாகாது?

இது நடவாத கனவு என்பார்க்கு அயல்நாட்டுச் செய்தி ஒன்று. இலண்டனில் கிரென்பெல் என்னும் 24 மாடிக் கட்டடம் உள்ளாட்சியின் உடைமையாக இருந்தது. அங்குத் தீக்காப்பு ஒழுங்காக இல்லையெனக் குடியிருப்போர் பலமுறை எழுதினர், எவரும் செவிசாய்க்கவில்லை. புதுப்பிக்கிறோம் என்று வெளிப்புறத்தில் எரியக்கூடிய மேலுறையைப் போர்த்தினர். 2017 சூன் 14 அன்று மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். மறு ஆண்டே இலண்டன் மேயர் ஒரு நெறியை வகுத்தார்: மக்கள் வாழும் உள்ளாட்சிக் குடியிருப்பை இடித்துக் கட்டும் பெருந்திட்டங்களுக்கு மேயரின் பணம் வேண்டுமெனின், முதலில் குடியிருப்போர் வாக்களித்து ஒப்ப வேண்டும். எழுபத்திரண்டு பிணங்களுக்குப் பின் பிறந்தது அவ்வறிவு. நாம் பிணங்களுக்குக் காத்திராமலே அதனைப் பெறலாகாதா?

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டு ஒன்றியத்து வெள்ளக்கடையிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். இவர்கள் கேரளத்தார் அல்லர். காஞ்சியிலிருந்து முன்னோர் மலையேறியதாகத் தம் கதை கூறும் தமிழ்க் குடியினர். மூங்கில் நிறுத்தி, மண் பூசி, புல் வேய்ந்த அவர்களின் பழைய வீட்டில், அடுப்புப் புகை மேலேறிப் பரணிலுள்ள சாமையையும் தினையையும் உலர்த்திக் காக்கும். மூடுபனிக் குளிரில் அவ்வடுப்பே குடும்பத்தின் கூடம். அப்புல்வீட்டையே மீண்டும் தருக என எவரும் வேண்டவில்லை. ஒழுகாத கூரையும் உறுதியான சுவரும் அவர்கட்கும் வேண்டும். ஆனால், சமவெளிக்கு வரைந்த வீட்டை அப்படியே மலைக்கு ஏற்றினால், தவசம் எங்கே? அடுப்பு எங்கே? ஆடு எங்கே?

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம் ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி என வகுத்தது. அதில் 300 சதுர அடிக்குக் காரைக் கூரை கட்டாயம். எஞ்சிய 60 சதுர அடிக் கூரை மட்டும் குடியிருப்பவரின் விருப்பம். அந்த அறுபதையேனும் விட்டுவைத்தமைக்குப் பாராட்டுவோம். விருப்பத்துக்கு ஆறில் ஒருபங்கு இடம் உண்டெனின், ஆறு பங்குக்கும் ஏன் கேட்கலாகாது என்பதே நம் வினா. பழங்குடிப் பகுதிகளின் ஊரவைக்கு வலிமை தரும் 1996ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் அத்தகு பகுதி ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே, வெள்ளக்கடையின் ஊரவை பெயர்ப்பட்டியலைப் பார்க்கலாம். வீட்டை வரைய இயலாது!

‘படியாத மக்கள் கட்டடக்கலையை எப்படி அறிவர்? ஆளுக்கொரு கருத்துரைத்தால் வேலை நடக்குமா?’ என்பர் சிலர். அடித்தளத்தின் ஆழத்தையும் கம்பியின் பருமனையும் பொறிஞரே கணிக்கட்டும். அதில் வாக்கெடுப்புத் தேவையில்லை. அடுக்களை எப்பக்கம், கழிப்பறைக் கதவு எத்திசை, முதியவர்க்குக் கீழ்த்தளமா, பழைய அண்டை வீட்டார் அருகிலேயே அமர்வரா என்பன பொறியியல் அல்ல, வாழ்வியல். அதில் வாழ்பவரே வல்லுநர். கேட்பதால் சில திங்கள் நீளும். கேளாமையால் சில தலைமுறை துன்புறும்.

எனவே, நாம் வலியுறுத்துவன இவை: இடிக்கவோ கட்டவோ போகும் குடியிருப்பின் வரைபடமும் செலவுக் கணக்கும் வீடுதோறும் எளிய தமிழில் தரப்பெறல் வேண்டும், ஆங்கிலத் தாளில் கைந்நாட்டு வாங்குவது இசைவாகாது. பெண்களும் குடிக்கூலிக்கு இருப்போரும் அடங்கிய குடியிருப்போர் குழுவின் ஒப்புதல் வாக்கின்றிக் கடப்பாரை எழலாகாது. மீண்டும் அதே இடத்தில் வீடு என்னும் உறுதி, நாள் குறித்து, எழுத்தில் தரப்பெறல் வேண்டும். கட்டும்போதே சுவரையும் காரையையும் ஆய்ந்து பார்க்கும் உரிமை அக்குழுவுக்கு வேண்டும். மலையூர்களில் வீட்டின் அமைப்பை ஊரவையே முடிவு செய்தல் வேண்டும்.

அன்பர்களே! உங்கள் ஊரில் வாரியக் குடியிருப்போ அரசு வீடோ உண்டெனின், அடுத்த ஊரவைக் கூட்டத்துக்கோ பகுதிக் கூட்டத்துக்கோ சென்று, வரைபடத்தைத் தமிழில் காட்டுக என்று எழுந்து கேளுங்கள். ஒருவர் கேட்டால் அமர்த்துவர். நூற்றுவர் கேட்டால் விடை கூறுவர். தாம் வாழும் வீட்டைப் பற்றிப் பேச வாயற்ற மக்கள், தாம் வாழும் நாட்டைப் பற்றிப் பேசுதல் எங்ஙனம்?