ஸ்கானில் தெரியாவிட்டால் நோய் இல்லையா?

இரத்தத்தில் கல்சியம் கூடிவிட்டது, கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்கிறது என்று சொன்னதும் எம்மவர் முதலில் கேட்பது, "எந்த ஸ்கான் டொக்டர் திறம்?" என்பதுதான். பிரித்தானியாவில் காசு கட்டித் தனியாரிடம் எடுப்போர் உண்டு. விடுமுறையில் சென்னை போய் எடுத்துவருவோரும் உண்டு. அந்தக் காசு பெரும்பாலும் வீண் என்பதே எமது கருத்து.

இந்த நோயை உறுதிப்படுத்துவது ஸ்கான் அல்ல, இரத்தப் பரிசோதனை. கல்சியம் கூடியிருக்கும்போது பராதைரொயிட் ஹோர்மோன் குறையவேண்டும், குறையாவிட்டால்தான் சந்தேகம். விற்றமின் டியையும் பார்க்கவேண்டும். வெயில் குறைந்த இந்நாட்டில் எம்மில் பலருக்கு அது போதாது. ஸ்கான் எடுப்பது சத்திரசிகிச்சை நிபுணருக்கு வழி காட்டுவதற்கு மட்டுமே. சுரப்பிகள் வழமையாக 4, ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. பெரும்பாலும் ஒன்றுதான் பெருத்திருக்கும். அது எங்கே என்று முன்கூட்டியே தெரிந்தால் சிறிய வெட்டே போதும்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் மூச்சுக்குழாயின் பின்னாலும் நெஞ்சுக்குள்ளும் ஒளிந்திருப்பதை அது காணாது. செய்பவரின் கைப்பழக்கமும் முக்கியம். செஸ்டமிபி ஸ்கானில் ஊசிமூலம் ஏற்றும் கதிரியக்க மருந்து தைரொயிட்டிலிருந்து விரைவாக வடிந்துவிடும், நோயுற்ற பராதைரொயிட்டில் தங்கிநிற்கும். நெஞ்சிலுள்ளதையும் காட்டும். ஆயினும் சிறிய கட்டிகளையும், ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பெருத்திருப்பதையும் தவறவிடக்கூடும். 4டி சி.டி. நுணுக்கமானது, கதிர்வீச்சு கூட. கோலின் பெட் ஸ்கான் மற்றவை காணாததையும் பல தடவை கண்டுபிடிக்கிறது. எல்லா மருத்துவமனைகளிலும் கிடையாது.

எமக்குக் கவலை தருவது வேறொன்று. "ஸ்கானில் ஒன்றுமில்லையாம்" என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். எலும்பு தேய்வதும் சிறுநீரகத்தில் கல் சேர்வதும் நிற்பதில்லை. 2019இல் வெளியான நைஸ் வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது: இரண்டு ஸ்கான்களிலும் கட்டி தெரியாவிட்டால் மூன்றாவதைத் தேடி அலையத் தேவையில்லை, சத்திரசிகிச்சை தேவையானவருக்கு 4 சுரப்பிகளையும் நேரில் பார்த்துச் செய்யலாம். 1925இல் வியன்னாவில் ஃபீலிக்ஸ் மாண்டில் இப்படியான கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியபோது இந்த ஸ்கான்கள் ஒன்றும் இருக்கவில்லையே!

அப்படித் தேடி எடுப்பதற்குப் பழகிய கை வேண்டும். ஆகவே நிபுணரைச் சந்திக்கும்போது, வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். எம்மவர் கூச்சப்படுவார்கள், இங்குள்ள வைத்தியர்கள் அந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்.