வட்டுக்கோட்டைக் கல்லூரிகளின் இணையத்தளங்கள்: ஒரு கோரிக்கைச் சாசனம்

வட்டுக்கோட்டைக் கல்லூரிகளின் அதிபர்கள், நிர்வாக சபைகள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், உள்நாட்டு, வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள், வலிகாமம் கல்வி வலயப் பணிமனை ஆகியோருக்கு, இங்கு பிள்ளைகளைப் படிக்க விட்டிருக்கும் பெற்றோரும், படிப்பிக்கும் ஆசிரியர்களும், படித்து வெளியேறியவர்களும் முன்வைப்பது.

முகவுரை

1841 ஜனவரியில் 'உதயதாரகை' பத்திரிகை வெளிவந்தது. அதன் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் வட்டுக்கோட்டைச் செமினறியில் உருவானவர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அமெரிக்க மிஷனின் மானிப்பாய் அச்சகத்தில் அச்சிட்டு, அறிவையும் செய்தியையும் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதே செமினறியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். செமினறி 1855 இல் மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

செய்தியை எல்லோருக்கும் சொல்வதும் ஆவணத்தை அழியாமல் காப்பதும் இந்த ஊரின் கல்வி மரபு. இன்று இந்த இரண்டு பணிகளையும் கல்லூரி இணையத்தளமே செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் வடக்கின் பல பாடசாலைகளில் அது யாருடைய பொறுப்பும் அல்ல. கணினி தெரிந்த ஓர் ஆசிரியர், பாடவேளைகள் முடிந்தபின் இரவில் வீட்டிலிருந்து செய்கிறார். அவருக்கு இடமாற்றம் வந்தால் கடவுச்சொல்லும் அவரோடு போகிறது. தளத்தை அமைத்துத் தந்த பழைய மாணவர் வெளிநாட்டில் இருக்கிறார். முகவரி அவர் பெயரில், ஆண்டுக் கட்டணம் அவருடைய கடனட்டையில். 2020 இன் கொரோனா முடக்கமும் 2022 இன் எரிபொருள் தட்டுப்பாடும் பாடசாலைகளை மூடிய நாட்களில், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்பதைக்கூட வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த படங்களை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த நிலை திரும்பக் கூடாது.

கோரிக்கைகள்

1. உரிமை கல்லூரிக்கே. இணைய முகவரி, சேவர் கணக்கு, பேஸ்புக் பக்கம், யூடியூப் அலைவரிசை அனைத்தும் கல்லூரியின் பெயரில் பதிவாக வேண்டும். கட்டணம் செலுத்தத் தவறிய முகவரி, குறித்த கால அவகாசம் முடிந்ததும் எவரும் வாங்கக்கூடியதாகிவிடும். கல்லூரிக் காணியின் உறுதியை யாரும் தனியார் வீட்டு அலுமாரியில் வைத்திருக்கச் சம்மதிக்கமாட்டோம். முகவரியும் அப்படிப்பட்ட சொத்தே. டொட் எல்கே முகவரியோடு, 2010 முதல் நடைமுறையிலுள்ள டொட் இலங்கை முகவரியையும் தமிழிலேயே பதிவுசெய்ய வேண்டும்.

2. ஒரு பொறுப்பாளர், அவருக்கு நேரம். இணையத்தளப் பொறுப்பை எழுத்துமூலம் ஒருவருக்கு வழங்கி, அவருடைய நேரசூசியில் அதற்கான பாடவேளைகளை ஒதுக்க வேண்டும். இயன்றால் கொடுப்பனவும் வேண்டும். அவருக்கு உதவியாக இன்னொருவர் பழக்கப்பட வேண்டும். கடவுச்சொற்கள் அதிபரின் பொறுப்பில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். முக்கிய கணக்குகள் அனைத்துக்கும் இரு கட்டச் சரிபார்ப்பு வேண்டும்.

3. தமிழ் முதலில், யுனிக்கோட்டில். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட அறிவித்தல் அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கூகுளிலும் அகப்படாது. அதைப் படமாக மாற்றிப் போட்டால், பார்வைக் குறைபாடுள்ள ஒருவரின் திரைவாசிப்பானால் பெரும்பாலும் அதை வாசிக்க முடியாது. ஆகவே ஒவ்வோர் அறிவித்தலும் யுனிக்கோட் எழுத்தாகவே வெளியாக வேண்டும். ஆங்கிலப் பதிப்பும் அதனோடு சேர்ந்து வரட்டும். 'உதயதாரகை'யை இரு மொழியிலும் எழுதியவர்களை உருவாக்கிய ஊர் இது.

4. முதலில் தளத்தில், பிறகு வாட்ஸ்அப்பில். தவணைத் திகதிகள், பரீட்சை நேரசூசி, புதுமுக மாணவர் அனுமதி, அவசர விடுமுறை ஆகியவை திகதியோடும் வெளியிட்டவரின் பதவியோடும் முதலில் தளத்தில் வர வேண்டும். குழுக்களில் பகிர்வது அந்தப் பக்கத்தின் இணைப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் போலி அறிவித்தலைப் பெற்றோர் ஒரு நிமிடத்தில் இனங்காணலாம்.

5. குறைந்த டேட்டாவில் திறக்கும் தளம். இருநூறு ரூபாய் ரீலோட்டை வாரம் முழுக்கப் பாவிக்கும் வீட்டுக்கும் இந்தத் தளம் திறக்க வேண்டும். முகப்பில் ஓடும் காணொளிகளும் பாரமான படங்களும் வேண்டாம். பழைய கைத்தொலைபேசியில் பரிசோதித்த பின்னரே எந்த மாற்றத்தையும் வெளியிடுங்கள்.

6. பிள்ளைகளின் மானம் காக்கப்பட வேண்டும். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றி எந்தப் பிள்ளையின் படமும், பரீட்சைச் சுட்டெண்ணும், புள்ளியும் வெளியாகக் கூடாது. புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளில் வெட்டுப்புள்ளி தாண்டியவர்களின் படங்களை அடுக்குகிறோம். தாண்டாத பத்து வயதுப் பிள்ளையும் அதைப் பார்க்கிறது. இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

7. பழையவை அழியக் கூடாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது எதை இழந்தோம் என்பதை இந்தத் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. புதிய தளம் அமைக்கும்போது பழைய தளத்தின் பக்கங்களை அழித்துவிடும் பழக்கம் முடிய வேண்டும். தளத்தின் பிரதி மாதந்தோறும் எடுக்கப்பட்டு, ஒன்று கல்லூரியிலும் மற்றொன்று வெளியிலும் இருக்க வேண்டும். கல்லூரிச் சஞ்சிகைகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், நூற்றாண்டு மலர்கள் மின்வடிவாக்கப்பட வேண்டும். 2005 முதல் இப்பணியைச் செய்துவரும் நூலகம் நிறுவனத்தோடு இணைந்து செய்யலாம்.

8. பணத்துக்குக் கணக்கு. புலம்பெயர்ந்தோரிடம் திரட்டும் நிதிக்கான வங்கிக் கணக்கு இலக்கம் தளத்தில் மட்டுமே அறிவிக்கப்பட வேண்டும். வந்த தொகையும் செலவும் ஆண்டுதோறும் அங்கேயே வெளியாக வேண்டும்.

9. கேள்விக்குப் பதில். கல்லூரியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். விடுகைப் பத்திரமோ நற்சான்றிதழோ கேட்டு எழுதும் பழைய மாணவருக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பதில் போக வேண்டும். வேண்டிய படிவம் தளத்தில் கிடைக்க வேண்டும்.

10. மாணவருக்கும் இடம். உயர்தரத் தொழில்நுட்ப, கலைப் பிரிவு மாணவரைக் கொண்டு ஒரு பத்திராதிபர் குழு அமையட்டும். ஆசிரியரின் மேற்பார்வையில் அவர்கள் செய்தி எழுதவும் பிழை திருத்தவும் தளத்தைப் பராமரிக்கவும் பழகட்டும்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நாங்கள் நிற்கவில்லை. பழைய மாணவர்களாகிய நாங்கள் எம் பெயரிலுள்ள முகவரிகளையும் கணக்குகளையும் கல்லூரிக்கு மாற்றிக் கொடுப்போம்; ஆண்டுக் கட்டணத்துக்குத் தனி நிதி திரட்டுவோம். பழைய பாமினிக் கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றி, ஒப்புநோக்கித் தருவோம். பெற்றோராகிய நாங்கள், உறுதிப்படுத்தப்படாத அறிவித்தலைப் பகிரமாட்டோம்.

இவற்றில் பலவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு தீர்மானமும் ஒரு கையொப்பமும் போதும். முதல் நான்கு கோரிக்கைகளை வரும் தவணை தொடங்குமுன் நிறைவேற்றுங்கள். ஏனையவற்றுக்கு ஒரு காலவரையறையை எழுத்தில் தாருங்கள். அந்தப் பதிலைக் கல்லூரி இணையத்தளத்தில், தமிழில், எல்லோரும் வாசிக்க வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.