1-ம் வகுப்பு பிள்ளைக்கு ராத்திரி 9 மணி வரை வீட்டுப்பாடம்! ஐகோர்ட்டு உத்தரவு என்ன ஆச்சு?

சென்னை,-

ராத்திரி 8 மணி. வேலை முடிந்து வந்த அம்மா அப்போதுதான் அடுப்பை பற்ற வைக்கிறார். ஒரு பக்கம் குக்கர் விசில். இன்னொரு பக்கம் 'அ' நாலு பக்கம் எழுதிவரச் சொன்ன நோட்டு. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைக்கு கண் சொக்குது. "எழுதுறியா, இல்ல அப்பா வரட்டுமா?" என்ற மிரட்டலோடு ஆரம்பிக்கிற படிப்பு, முதுகில் ஒரு அடி, அப்புறம் அழுகை என்று முடிகிறது.

வியாசர்பாடியானாலும் சரி, பல்லாவரமானாலும் சரி, பல வீடுகளில் இதுதான் தினசரி கூத்து.

ஆனால் இந்த வயசு பிள்ளைக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2018-ம் ஆண்டு மே மாதமே சொல்லிவிட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பற்றிய வழக்கில் நீதிபதி என்.கிருபாகரன் இந்த உத்தரவை போட்டார். 1, 2-ம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது, மொழியும் கணக்கும் மட்டும் போதும், மாநிலங்களுக்கும் இதை அறிவுறுத்த வேண்டும் என்று மத்திய அரசிடம் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. இந்த 2 வகுப்பு பிள்ளைகளின் புத்தகப்பை ஒன்றரை கிலோவை தாண்டக்கூடாது என்றும் அதில் இருந்தது.

தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்சும் போட்டாலே ஒன்றரை கிலோ ஆகிவிடும் என்பது வேறு கதை.

பெற்றோரே கேட்கிறார்கள்

பள்ளிகளை மட்டும் குறை சொல்லி பயனில்லை. வீட்டுப்பாடம் தராத பள்ளியை "அங்க ஒண்ணும் சொல்லித்தர மாட்டாங்க" என்று பெற்றோரே ஒதுக்குகிறார்கள். நோட்டு நிரம்பியிருந்தால்தான் கட்டின பீசுக்கு பலன் என்ற எண்ணம். பள்ளி தராவிட்டால் தெருமுனை டியூசனில் எழுத வைக்கிறார்கள். வயிற்றை கட்டி வாயை கட்டி படிக்க வைக்கிறவர்களின் பயம் அது. அந்த பயத்தில் நியாயம் உண்டு. நோட்டில்தான் படிப்பு இருக்கிறது என்பதுதான் தப்பு.

தமிழ்நாட்டில் 5 வயது முடிந்ததும் 1-ம் வகுப்பில் சேர்க்கிறார்கள். அந்த வயதில் விரல் எலும்பும் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். நாலு பக்கம் எழுதினால் கை வலிக்கத்தான் செய்யும். 3-ஐ திருப்பி போடுவது, கோட்டை விட்டு எழுத்து ஓடுவது எல்லாம் இந்த வயதில் சகஜம். அதற்கு அடி தேவையில்லை. சப்பாத்தி மாவை உருட்டுவது, அவரைக்காய் உரிப்பது, பூ கட்டுவது எல்லாம் பென்சில் பிடிக்கிற விரலுக்கு நல்ல பயிற்சி.

'மழ பேயுது'ம் 'மழை பெய்கிறது'ம்

தமிழில் மொத்தம் 247 எழுத்து. கேட்டாலே மலைப்பாக இருக்கும். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் அவற்றை சேர்க்கிற கொம்பு, கால், சுழி போன்ற குறிகளும் பிடிபட்டால் மற்றவை தானாக வரும். எழுத்தின் ஓசையை சேர்த்துப் பார்த்து, 'ப', 'ட', 'ம்' என்பது 'படம்' ஆகிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கிற அந்த நிமிஷம்தான் 1-ம் வகுப்பின் பெரிய வெற்றி. 'ப'வை 100 தடவை எழுதுவதால் அது வராது.

இன்னொரு சிக்கலை யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் பிள்ளை கேட்பது 'மழ பேயுது'. புத்தகத்தில் இருப்பது 'மழை பெய்கிறது'. பிள்ளைக்கு இது ஏறக்குறைய இன்னொரு மொழி. வீட்டுப் பேச்சை கேலி செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கதைப்புத்தகத்தை ராத்திரி 10 நிமிடம் வாசித்துக் காட்டினால் புத்தகத் தமிழ் காதில் ஏறிவிடும். படிக்க தெரியாத பெற்றோர் படத்தை காட்டி கதை சொல்லலாம். பாட்டி சொல்கிற நரி கதையும் பாடம்தான். கேட்ட கதையை பிள்ளை திருப்பி சொல்லட்டும். வார்த்தை பெருகப் பெருக வாசிப்பு சுலபமாகும்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை சரிக்கட்ட தமிழக அரசு 2022 ஜூன் 13-ந் தேதி தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இந்த வழியில் வந்ததுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையை பார்த்து பிரித்து, பாட்டு, கதை, விளையாட்டு மூலம் கற்றுத்தருவது அதன் முறை. அரசு பள்ளியில் பிள்ளை ஆடிப்பாடுவதை பார்த்து "படிப்பே இல்ல" என்று நினைப்பவர்கள் இதை தெரிந்துகொள்வது நல்லது.

100 வரை சொல்லும், 7 எடுக்காது

ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென ஒப்பிக்கிற பிள்ளையிடம் "7 ஸ்பூன் எடுத்து வா" என்று சொல்லிப்பாருங்கள். பல பிள்ளைகள் தடுமாறும். பாட்டு மாதிரி எண்ணை மனப்பாடம் செய்திருக்கிறது, எண்ணிக்கை விளங்கவில்லை.

இதற்கு காசு செலவே இல்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சியை பத்து பத்தாக ரப்பர் பேண்டு போட்டு கட்டுங்கள். 2 கட்டும் 3 குச்சியும் சேர்ந்தால் 23 என்று கண்ணாலேயே புரியும். அரிசி அளக்கும்போது ஆழாக்கை எண்ண விடுங்கள். வருகிற பஸ்சின் நம்பரை படிக்க சொல்லுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் இதை தமிழிலேயே சொல்லலாம். கணக்கு புரிந்துவிட்டால் ஆங்கில பெயர் பின்னாலேயே வரும்.

பக்கத்து வீட்டு பிள்ளையோடு ஒப்பிடுகிற வேலை மட்டும் வேண்டாம். புத்தகத்தை மூக்கில் ஒட்டி படிக்கிறதா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 'மக்கு' என்று திட்டு வாங்குகிற பிள்ளைக்கு சில நேரம் கண்ணாடிதான் தேவைப்படும்.

பள்ளியில் எழுதாததற்கு அடிப்பதை கட்டாய கல்வி உரிமை சட்டம் (2009) தடை செய்கிறது. அரசு பள்ளியில் பள்ளி மேலாண்மை குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர்தான். வீட்டுப்பாடம், பை எடை பற்றி அந்த கூட்டத்திலேயே கேட்கலாம். பள்ளிக்கல்வித்துறையின் உதவி எண் 14417.