டப்பாவுல வெள்ளி, ஸ்டிக்கர்ல ஜம்பம்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதுசு. மே மாச வெயில் 45 டிகிரி. காலையில வெச்ச குழம்பு மத்தியானம் நுரைச்சுடும். தங்கமணி சீதாபுல்டி கடைவீதியில இருந்து ஆறு பிளாஸ்டிக் டப்பா வாங்கிட்டு வந்தாங்க. சாதா டப்பா இல்லையாம். "நானோ சில்வர், 99.9% பாக்டீரியா காலி"ன்னு ஸ்டிக்கர். விலை ரெண்டு மடங்கு.

அன்னைக்கு ராத்திரி ஒண்ணுல தோசை மாவை ஊத்தி வெச்சோம். காலையில பார்த்தா மூடியைத் தள்ளிட்டு மேடையெல்லாம் மாவு. மாவு பொங்கறதே பாக்டீரியா தயவுலதான். அதுல ஒண்ணு கூட செத்த மாதிரி தெரியலை :-)

நான் வெறும் பி.காம். ஆனா பொடி எழுத்தைப் படிக்கறதுதான் இருபது வருஷமா எனக்குச் சோறு போடுது. அட்டையில ஐ.எஸ்.ஓ. 22196னு இருந்தது. தேடிப் படிச்சேன். பிளாஸ்டிக் துண்டு மேல கிருமித் திரவத்தை விட்டு, மெல்லிய ஃபிலிமால மூடி, 35 டிகிரியில 24 மணி நேரம் வெச்சு எண்ணிப் பார்க்கற சோதனை அது. டப்பாவோட மேற்பரப்புக்கு மட்டும்தான் கணக்கு. உள்ள இருக்கற சாம்பாருக்கு இல்லை. தன் வீட்டுப் பத்திரத்தைக் காட்டி பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து லோன் கேக்கற கதை.

அதை விடுங்க. என் கோபம் வேற. ஈரம் பட்டு, வெள்ளி அயனியா கரைஞ்சு வெளிய வந்தாத்தான் கிருமி சாகும். வரலைன்னா ஸ்டிக்கர் பொய். வந்தா, நம்ம சாப்பாட்டுலயும் கலக்குது. ரெண்டுல எது, எவ்வளவுன்னு சொல்லணுமா வேண்டாமா? புளிப்பும் சூடும் சேர்ந்தா கரையறது கூடும். புளியோதரையைச் சூடா அடைச்சு பையனுக்குக் கொடுத்தனுப்பற வீடு நம்மளோடது!

வெள்ளியை விஷம்னு நான் சொல்ல வரலை. அளவைச் சொல்லுங்கறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த வகை வெள்ளிச் சேர்மானத்துக்கு, ஒரு கிலோ உணவுக்கு 0.05 மில்லிகிராம்னு வரம்பு சொல்லியிருக்கு. அங்க 2011ல வந்த பிளாஸ்டிக் விதிப்படி நானோ வடிவத்துக்குத் தனியா அனுமதி வேணும். அமெரிக்காவுல 2014 மார்ச்சுல, பதிவு செய்யாம நானோ வெள்ளி டப்பா வித்த நியூஜெர்சி கம்பெனியை அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை விற்பனையையே நிறுத்தச் சொல்லிடுச்சு. கிருமியைக் கொல்லும்னு சொன்னா அது பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்ள வரும், ஆதாரத்தைக் காட்டுன்னாங்க.

நம்ம ஊர்ல 2018 பேக்கேஜிங் விதிகள் இருக்கு. பிளாஸ்டிக்ல இருந்து உணவுக்குள்ள இறங்கறது எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 60 மில்லிகிராம் தாண்டக்கூடாது. சரி, ஆனா அது மொத்த எடைக் கணக்கு. அதுல வெள்ளி எவ்வளவுன்னு வாங்கறவனுக்கு எப்படித் தெரியும்? வட்டி எவ்வளவுன்னு சொல்லாம நான் ஒரு கடன் கொடுத்தா என் வேலை போயிடும்.

எவ்வளவு வெள்ளி இருக்கு, புளிப்பான உணவுல எவ்வளவு இறங்குதுன்னு ரெண்டே கேள்வி கேட்டு கம்பெனிக்கு எழுதினேன். "உங்கள் ஆரோக்கியமே எங்கள் லட்சியம்"னு பதில் வந்தது. கூடவே அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடிக் கூப்பன்.

இப்ப அந்த ஆறு டப்பாவுலயும் பொத்தான், நூல்கண்டு, பழைய சாவி. சாப்பாடு எவர்சில்வருக்கே திரும்பிடுச்சு. அதுல வெள்ளி இல்லைங்கறது எல்லாருக்கும் தெரியும்.