சிக்கனமும் பிறரன்பே

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர் இயேசு, அவ்விருந்து முடிந்ததும் செய்த செயலொன்றை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எஞ்சிய அப்பத் துண்டுகள் வீணாகாதவாறு அவற்றைச் சேர்த்து வைக்கும்படி அவர் சீடரைப் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவருக்குச் சேமிக்கவேண்டிய தேவை இல்லை. ஆயினும் இறைவனின் கொடையை வீணாக்குவது முறையன்று என்பதை அவர் செயலால் காட்டினார்.

நம் முன்னோர் சிக்கனத்தைக் குடும்பத்தின் நலனுக்காகக் கடைப்பிடித்தனர். இன்றோ, அது பிறர்பால் நாம் ஆற்றவேண்டிய கடமையாகவும் ஆகியுள்ளது. நம் இல்லத்தில் மின்விளக்கு எரிகையில் புகை தெரிவதில்லை. ஆனால் இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. ஆதலின் நாம் செலவிடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு எரிந்து தீர்கையில், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்வதால், சுமார் 42 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது 2.3 கிலோ.

இவ்வாயு மிகுதலால் நிலமும் கடலும் வெப்பமடைகின்றன. கடல் வெப்பமடையுங்கால் கடும் புயல்கள் மேலும் வலுப்பெறுகின்றன என்பது அறிவியலார் கூற்று. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலைக் குமரிக் கடலோரப் பங்குகள் மறக்கவில்லை. ஒரு புயலுக்கு இதுவே காரணமென்று நாம் தீர்ப்புக் கூறவியலாது. எனினும், வீணாய் எரியும் எரிபொருளின் விளைவை முதலில் சுமப்பவர் கட்டுமரத்தில் செல்பவரும் வயலில் நிற்பவருமே அன்றி, குளிரூட்டிய அறையில் இருப்பவர் அல்லர்.

நாம் செய்யக்கூடியவை யாவை? பருப்பையும் கடலையையும் முன்கூட்டியே ஊறவைத்துக் குக்கரில் வேகவைக்கலாம். பாத்திரத்தை மூடிச் சமைக்கலாம். நீர் கொதித்த பின்னர் தழலைக் குறைக்கலாம்; பெருந்தழலால் கொதிநீரின் சூடு மேலும் ஏறுவதில்லை. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஏற்றினால், ஆண்டில் ஏறத்தாழ 93 யூனிட் மிச்சமாகும். குளிர்சாதனப் பெட்டியுள் சூடான உணவை வைக்காதிருக்கலாம். ஏ.சி. உள்ளோர் அதனை 24 பாகைக்குக் கீழே இறக்காதிருத்தல் நன்று. ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும்.

இச்சுமை முழுவதையும் இல்லத்தரசியின் தோளில் ஏற்றுதல் நீதியன்று. இரண்டு தெரு தள்ளியுள்ள ஆலயத்திற்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் தந்தையும், ஆளில்லா அறையில் மின்விசிறியைச் சுழலவிடும் பிள்ளைகளும் இதில் பங்கேற்க வேண்டும். திருமண விருந்துகளில் இலையோடு எறியப்படும் சோறு குப்பைமேட்டில் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 27 மடங்கிற்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்து வைக்கவல்லது. பரிமாறுவோர் அளவறிந்து பரிமாறுதலும் அறமே.

“செல்வ நாடுகளும் ஆலைகளும் செய்வதற்கு நாம் ஏன் வருந்தவேண்டும்?” எனச் சிலர் வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. இந்தியர் ஒருவரின் சராசரிப் பங்கு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவே. ஒற்றை விளக்குள்ள குடிசையை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாகனங்களும் குளிரூட்டியும் உள்ள இல்லத்தார், அக்குடிசையின் பின்னே மறைந்துகொள்ளலாகாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பதையும் உண்ணுமளவே சமைப்பதையும் அன்பின் செயல்களாக மதித்தார்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வோம். மிச்சமான பணத்தில் மற்றொரு மின்கருவி வாங்கினால் மிச்சம் மிச்சமாகாது. இரு மாதங்களுக்கு ஒருமுறை மின்கட்டணம் செலுத்துகையில் குறைந்த தொகையைக் கணக்கிட்டு, அதனைப் பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாக ஏழைக் குடும்பமொன்றுக்கு அளிப்போம். அப்பொழுது நம் சிக்கனம் கஞ்சத்தனமாகாது, பிறரன்பாகும்.