நிலத்தை யாரிடம் கொடுக்கிறோம்?

சித்திரை பிறந்துவிட்டால் விருத்தாசலம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷம் உங்க நிலத்தை யாருக்கு விடப் போறீங்க?" டீக்கடையில் தொடங்கும் இந்தப் பேச்சு பெரும்பாலும் டீக்கடையிலேயே முடிந்தும் விடுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, சரி. கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. என்ன பயிர் வைக்கப் போகிறார் என்றுகூடப் பல பேர் கேட்பதில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் பீங்கான் ஊர். இங்குள்ள பீங்கான் தொழிற்கூடங்களில் வேலை பார்க்கும் பலருக்குக் கிராமத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் நிலமும் உண்டு. நெய்வேலிக்கு ஷிப்ட் போகிறவர்களும் அப்படித்தான். பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். உழ ஆளில்லாத நிலம் குத்தகைக்குப் போகிறது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பகலில் சூளை வேலை, ஊரில் மூன்று ஏக்கர். கடந்த பத்து ஆண்டுகளில் குத்தகை விடுவதில் நான் செய்த இரண்டு தவறுகளைச் சொன்னால், மற்றவர்களுக்காவது உதவும்.

இரண்டு தவறுகள்

முதல் தவறு, ஒன்றுமே கேட்காமல் கொடுத்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். மற்றவர்களைவிட ஏக்கருக்கு இரண்டாயிரம் கூடுதலாகத் தருவதாகச் சொன்னார். சந்தோஷமாகக் கொடுத்தேன். மூன்று வருஷமும் மல்லாட்டைக்குப் பின் மல்லாட்டைதான். எரு ஒரு வண்டிகூட இறங்கவில்லை. வரப்பு வெட்டப்பட்டு மெலிந்தது. மூன்றாம் வருஷம் செடி வேரழுகிப் பாதி நிலம் சொட்டையானது. "உங்க நிலம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கூடுதலாக வாங்கிய பணத்தைவிட அதிகமாகச் செலவழித்துத்தான் அந்த மண்ணைத் தேற்ற முடிந்தது.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. அடுத்து வந்தது பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். கணவரும் மனைவியும் காலையில் இறங்கினால் இருட்டும்வரை வயலில் நிற்பவர்கள். மண்ணைப் பொன்போலப் பார்த்துக்கொண்டார்கள். சம்பா நட்ட பிறகு, பயிர்க் காப்பீடு செய்யச் சம்மதக் கடிதம் ஒன்று வேண்டும் என்று அந்த அக்கா வந்து நின்றார். "எழுதிக் கொடுத்தா நிலமே கையை விட்டுப் போயிடும்" என்று விவரம் தெரிந்ததாக நான் நினைத்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, இன்று நாளை என்று இழுத்தேன். கடைசித் தேதி போய்விட்டது. கார்த்திகையில் அடைமழை. பூக்கும் பருவத்தில் பயிர் ஒரு வாரம் தண்ணீரில் கிடந்தது. காப்பீடு செய்திருந்த பக்கத்து வயல்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. அந்த அக்காவுக்கு வரவில்லை. ஆனாலும் காதுத் தோட்டை அடகு வைத்து எனக்குக் குத்தகைப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். மறு வருஷம் அவர் நிலம் கேட்டு வரவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஒருவருக்குக் கொடுத்தேன். கொடுக்க வேண்டிய காகிதத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. நம் பகுதியில் குத்தகை என்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கிக் கிடக்கிறது.

பயம் எங்கிருந்து வருகிறது?

நில உரிமையாளரின் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர்கள் பாதுகாப்புச் சட்டம், உழுகிறவரை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது என்கிறது. 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கு 1969-இல் தனிச் சட்டம் வந்தது. நிலமில்லாமல் உழுதவர்கள் ஒரே நாளில் விரட்டப்பட்ட காலத்தில் பிறந்த சட்டங்கள் இவை. அவை தேவைப்பட்டன. ஆனால் வழக்கு என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதால், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு உரிமையாளரும் காகிதம் என்றாலே பின்வாங்குகிறார்.

அதே 1955 சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அதைப் பலர் படிப்பதில்லை. குத்தகைப் பத்திரம் மூன்று பிரதிகள் எழுத வேண்டும். ஒன்று உரிமையாளரிடம், ஒன்று குத்தகைதாரரிடம், மூன்றாவது தாலுகா அலுவலகத்தில். குத்தகைப் பாக்கி வைத்தாலோ, நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தாலோ, சாகுபடி செய்யாமல் விட்டாலோ, விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்தினாலோ, உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தாலோ குத்தகைதாரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாக்கி இருக்கிறது என்று நிரூபிக்கவே உரிமையாளருக்குக் காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகை உரிமையாளரைக் காக்கிறது என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். வயலில் நிற்கும் பயிரும் பார்த்த அக்கம்பக்கமும் உழுதவருக்குச் சாட்சியாக இருப்பார்கள். உரிமையாளருக்குச் சாட்சி அவர் எழுதி வாங்கிய தாள் மட்டும்தான்.

டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு விடும்போது என்ன செய்கிறோம்? வேலை என்ன, குடும்பத்தில் எத்தனை பேர், முன்பு எங்கே குடியிருந்தார் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். நான்கு சுவருக்கு இவ்வளவு பார்க்கிற நாம், சோறு போடும் மண்ணுக்கு ஒன்றும் பார்ப்பதில்லை.

என்ன கேட்கலாம்?

குத்தகை கேட்டு வருகிறவரிடம் பணத்தைப் பற்றிப் பேசும் முன், அவர் இப்போது உழும் வயலை ஒரு நடை போய்ப் பாருங்கள். வரப்பும் வாய்க்காலும் எப்படி இருக்கின்றன என்பதே பாதி பதில். முன்பு யாருடைய நிலத்தைப் பார்த்தார், ஏன் விட்டார் என்று அந்த உரிமையாளரிடமே கேளுங்கள்.

அடுத்து, பயிர்த் திட்டம். மல்லாட்டைக்குப் பின் உளுந்தா, எள்ளா, கம்பா, நெல்லா? மூன்று வருஷமும் ஒரே பயிர் என்பவரிடம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் ஊரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மல்லாட்டையிலும் முந்திரியிலும் விருத்தாசலம் பெயரிலேயே ரகங்கள் வந்திருக்கின்றன. எந்த ரகம், எந்தப் பட்டம் என்று தெளிவாகச் சொல்கிறவர் நிலத்தை விளையாட்டாகக் கேட்கவில்லை என்று பொருள்.

மூன்றாவது, முதலீடு. விதையும் உரமும் எந்தப் பணத்தில் வாங்கப் போகிறார்? எல்லாமே கடையில் கடன் என்றால், விளைச்சல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகாமல் கடைக்காரர் சொன்ன விலைக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் குத்தகையும் பாக்கிதான். கூட்டுறவுக் கடனும் காப்பீடும் கிடைக்க நீங்கள் காகிதம் கொடுத்தால், அந்த ஆபத்து உங்களுக்கும் சேர்த்தே குறைகிறது.

நான்காவது, தண்ணீர். போர் மோட்டார் எரிந்தால் யார் செலவு, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் பக்கத்து வயலுக்கு எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். குத்தகை தொடங்கும்போதும் முடியும்போதும் மண் பரிசோதனை செய்து, அந்த அட்டையை ஒப்பந்தத்தோடு வையுங்கள். மண் கெட்டதா தேறியதா என்ற சண்டைக்கே இடமிருக்காது.

இயற்கைச் சீற்றம் வந்தால் குத்தகைத் தொகை என்ன ஆகும் என்பதையும் எழுதுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. மரமே சாய்ந்த பிறகு முன்பணம் யாருக்கு என்ற கேள்வி, எழுதி வைக்காத இடத்தில் பகையாகத்தான் முடியும்.

எதைக் கேட்கக் கூடாது?

"நம்ம ஆளா?" என்று கேட்கக் கூடாது. என் நிலத்தைக் கெடுத்தவர் நம்ம ஆள்தான். சாதி, கட்சி, பெண் தனியாகப் பார்ப்பாரா என்ற சந்தேகம் ஆகியவற்றுக்கும் பயிர் வளர்வதற்கும் சம்பந்தமில்லை. அதிகத் தொகை சொன்னவருக்கே கொடுப்பதும் ஆளைத் தேர்ந்தெடுப்பது ஆகாது, ஏலம் விடுவதுதான். கூடுதலாகக் கொடுத்ததை அவர் உங்கள் மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் ஆளை மாற்றுவதும் அப்படியே. அடுத்த வருஷம் தனக்கில்லை என்று தெரிந்தவர் எதற்கு எரு அடிப்பார்?

அரசுக்கும் வேலை இருக்கிறது. பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வருகிறது. உழுகிற குத்தகைதாரருக்கு இல்லை. ஆந்திரத்தில் 2019-இல் கொண்டுவந்த சட்டப்படி, நில உரிமைக்குப் பாதிப்பில்லாமல் 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை தருகிறார்கள். உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்பதால் அங்கும் பலருக்கு அட்டை கிடைப்பதில்லை என்ற குறை உண்டு. இருந்தாலும், உரிமையாளரின் பயத்தையும் உழுகிறவரின் தேவையையும் ஒரே தாளில் சந்திக்க வைக்கும் முயற்சி அது. நிதி ஆயோக் 2016-இல் முன்வைத்த மாதிரிக் குத்தகைச் சட்டத்தின் நோக்கமும் அதுதான். தமிழ்நாட்டிலும் எளிய தமிழில் ஒரு பக்கக் குத்தகைப் படிவம், உரிமை போகாது என்ற தெளிவான உறுதி, தாமதமில்லாத தீர்வு மூன்றும் வந்தால் பாதி பயம் தீரும்.

அதுவரை காத்திருக்க வேண்டும் என்றில்லை. சட்டம் கேட்கும் மூன்று பிரதிகளையும் இந்தச் சித்திரையில் எழுதி வைத்திருக்கிறேன். சர்வே எண், பரப்பு, தொகை, பயிர், மோட்டார் செலவு, மழை வெள்ளம் வந்தால் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. காப்பீட்டுக்கும் கடனுக்கும் சம்மதம் என்ற வரியும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போகப் போகிறேன். அவர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. என்னை நம்பலாமா என்று இந்த முறை அவரும் நாலு கேள்வி கேட்பார். கேட்கட்டும், அதுதான் முறை.