நம் நீர் எங்கே போகிறது?

நீருக்கடியில் இருண்ட குகைகளுக்குள் நீந்திச் செல்பவர்களைச் சாகசக்காரர்கள் என்கிறோம். ஆனால், அவர்கள் கொண்டுவரும் வரைபடமே சாகசத்தைவிடப் பெரிது என்பேன்.

மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துச் சுரங்கங்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஓடும் நன்னீர் எங்கோ ஓரிடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. முக்குளிப்பவர்கள் உள்ளே கயிற்றைக் கட்டிக்கொண்டே போய், தூரம், ஆழம், திசை மூன்றையும் குறித்துவருவார்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வக்குல்லா ஊற்றும் லியோன் சிங்க்ஸ் குகைகளும் ஒரே நீர்வழி என 2007இல் அவர்கள் நிரூபித்தனர். அதே காலத்தில் ஆய்வாளர்கள், தல்லஹாசி நகரம் சுத்திகரித்த கழிவுநீரைத் தெளிக்கும் வயல்வெளியில், நிலத்தடி நீரில் சாயம் கலந்தனர். கிலோமீட்டர்கள் தள்ளியுள்ள வக்குல்லா ஊற்றில் அது வெளிப்பட்டது. மறுக்க வழியில்லை. நகரம் தன் சுத்திகரிப்பு நிலையத்தை மேம்படுத்தியது. யாழ்ப்பாணத்திலும் வயலில் இட்ட உரம் சுண்ணாம்புப் பாறை வழியாகக் கசிந்து, கிணற்று நீரில் நைட்ரேட்டாகச் சேர்கிறது.

நம் கம்போங் ராஜா கிரானைட் மலை. இங்கு அத்தகைய குகைகள் இல்லை. ஆனால், நம் நீரும் மண்ணுக்கடியில் பயணிக்கிறது. தெலோம் ஆற்று நீரின் ஒரு பகுதி, மின் திட்டத்துக்காக வெட்டிய சுரங்கத்தின் வழி பெர்தாம் ஆற்றுக்குத் திருப்பப்படுகிறது. பின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைந்து, மற்றொரு சுரங்கம் வழியாகப் பேராக் மாநிலத்துக்கே போய்விடுகிறது. எஞ்சியது ஜெலாய் ஆற்றில் கலந்து பகாங் ஆற்றைச் சேர்கிறது. மலைச்சரிவில் நாம் வெட்டிய மண்ணும் இட்ட உரமும் கூடவே போகின்றன. ரிங்லெட் நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்துவருவது ஊரறிந்தது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோயின.

இதற்கெல்லாம் காய்கறித் தோட்டக்காரரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர் வாய்க்காலில் விடும் நீர் யார் வீட்டுக் குழாயை எட்டுகிறது என்று காட்டும் வரைபடத்தை அவர் கையில் யாராவது கொடுத்திருக்கிறோமா?

அந்த வேலையை மாணவர்களாகிய நாம் தொடங்கலாம். குகைக்குள்ளோ சுரங்கத்துக்குள்ளோ இறங்க வேண்டாம். கைப்பேசி வரைபடம் போதும். புவியியல் இடுபணியில் உங்கள் வட்டாரத்து ஊற்று, ஓடை, வாய்க்கால், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைக் குறியுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் நீரின் நிறத்தைப் பதிவுசெய்யுங்கள். அதை ஊர்க் கூட்டத்தில் வையுங்கள். கண்ணால் கண்ட வழியைக் காணாததுபோல் கடந்துபோவது யாருக்கும் எளிதல்ல.